சோதனைத் தாளில் தெரியாத நோய்



ஆடித் தவசு காணச் சங்கரன்கோவிலுக்கு வந்தவர்கள் கோயிலையொட்டிய கடைகளில் தொங்கும் வெள்ளித் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். கையில் நோவு உள்ளவர் கை உருவம் பொறித்த தகட்டை வாங்குவார். காலில் நோவு உள்ளவர் கால் உருவத்தை வாங்குவார். கண் நோய்க்குக் கண்மலர். பாம்பு, தேள் பற்றிய அச்சம் நீங்க அவற்றின் உருவங்கள். இவற்றைக் கோமதியம்மன் சந்நிதியில் காணிக்கையாகச் செலுத்துவது வழக்கம். அப்படியானால், 'எனக்கு உடம்பு முழுவதும் வலிக்கிறது' என்பவர் எதை வாங்குவது? அதற்கும் கடைக்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள். தலை முதல் கால் வரை முழு ஆள் உருவம் பொறித்த தகடு ஒன்று உண்டு.

மருத்துவமனையில் இது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. 'எங்கே வலிக்கிறது?' என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 'எங்கும் வலிக்கிறது' என்று ஒருவர் விடை சொன்னால், கேட்பவர் முகத்தில் ஓர் ஐயம் படர்கிறது. இரத்தத்தைச் சோதிக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் வருகிறது. வீட்டுக்குத் திரும்பியதும், 'ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே, இனியாவது எழுந்து வேலையைப் பார்' என்கிறார்கள். வலியோ போகவில்லை. இத்தகைய துன்பத்துக்குக் காரணமான ஒரு நோயைப் பற்றி, சிறப்பாக அதன் பலரும் அறியாத அறிகுறிகளைப் பற்றி, இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்நோய்க்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர். வாயில் நுழையாத பெயர் என்று அஞ்ச வேண்டா. பிரித்துப் பார்த்தால் எளிது. இலத்தீன் மொழியில் 'பைப்ரா' என்றால் நார். கிரேக்க மொழியில் 'மைஸ்' என்றால் தசை. 'அல்கோஸ்' என்றால் வலி. ஆகவே இதனைத் தசைநார் வலி நோய் என்று தமிழில் வழங்கலாம். பல நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்குகள், நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இந்நோய் உடையவர்கள் என்று காட்டுகின்றன. இருநூறு பேர் வாழும் ஒரு தெருவில் நான்கைந்து பேராவது இருக்கக் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

பெயரின் வரலாறு சுவையானது. 1904 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் என்பார் இடுப்பு வலியைப் பற்றி எழுதுகையில், தசைகளின் நார்கள் அழற்சி கொள்வதால் வலி உண்டாகிறது என்று கருதிப் 'பைப்ரோசைட்டிஸ்' என்ற சொல்லை ஆக்கினார். அச்சொல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வழங்கியது. ஆனால் வலிக்கும் தசையை எடுத்து நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் எவருக்கும் அழற்சி தென்படவில்லை. ஆகவே 1976 ஆம் ஆண்டையொட்டி அழற்சியைக் குறிக்கும் ஈறு நீக்கப்பட்டு, வலியைக் குறிக்கும் ஈறு சேர்க்கப்பட்டது. பெயர் திருந்தியது, ஆயினும் நோய் தசையில் இருக்கிறது என்ற எண்ணம் அப்பெயரிலேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊர் தறிகள் நிறைந்த ஊர். விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் ஓர் அம்மையாரின் மகள் என்னிடம் படித்தவள். பள்ளியை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு நாள் மஞ்சள் பை நிறையச் சோதனைத் தாள்களோடு என் வீட்டுக்கு வந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து வைத்துவிட்டு, 'சார், எல்லாத் தாளிலும் சரியாக இருக்கிறது என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் அம்மாவுக்கு ஏன் வலிக்கிறது?' என்று கேட்டாள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மருத்துவர் ஆகார். எனினும் கேள்வி நேர்த்தியானது. அதற்கு விடை தேடியபோது நான் படித்தறிந்தவற்றையே இங்குச் சொல்கிறேன். அந்த அம்மையாருக்குப் பின்னர் மூட்டுவாத மருத்துவர் ஒருவர் இந்நோயே என்று உறுதி செய்தார்.

ஏன் வலிக்கிறது? நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். நிலையத்திலிருந்து வரும் அலை ஒன்றே. ஒலியைக் கூட்டும் திருகைச் சற்றே திருப்பினால் மெல்லப் பேசுவது போல் கேட்கும். முழுவதும் திருப்பினால் வீடு அதிரும். உடம்பின் பல இடங்களிலிருந்து தொடுகை, அழுத்தம், சூடு, குளிர் ஆகிய செய்திகள் நரம்புகளின் வழியே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் இடைவிடாது சென்றுகொண்டிருக்கின்றன. எதைப் பெருக்குவது, எதை அடக்குவது என்பதை அங்கே ஓர் ஏற்பாடு முறைப்படுத்துகிறது. இந்நோயில் அந்தத் திருகு மிகுதியாகக் கூட்டி வைக்கப்பட்டதாகிவிடுகிறது. பிறருக்கு வெறும் அழுத்தமாகத் தோன்றுவது இவர்களுக்கு வலியாகத் தோன்றுகிறது. வானொலிப் பெட்டியை வெளியிலிருந்து படம் எடுத்தால் ஒலி எவ்வளவு கூட்டியிருக்கிறது என்று தெரியுமா? எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் இந்நோயாளியிடம் கைவிரிப்பது இதனால்தான்.

இது கற்பனையன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை அளந்து அழுத்தியவாறே அவர்களின் மூளையைக் காந்த அலைக் கருவியால் படம் எடுத்தனர். நலமுள்ளவர்களையும் அவ்வாறே சோதித்தனர். நலமுள்ளவருக்குச் சிறிதே உறுத்திய அழுத்தத்தில் நோயாளிகளின் மூளையில் வலியை உணரும் பகுதிகள் வெகுவாக எழுச்சி கொண்டதைப் படம் காட்டியது. வலியைக் கடத்துவதில் பங்குகொள்ளும் 'பி பொருள்' எனும் வேதிப்பொருள், இவர்களின் தண்டுவட நீரில் பிறருக்கு இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதும் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 2021 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, அச்சுண்டெலிகள் அழுத்தத்தையும் குளிரையும் தாங்க மாட்டாதவை ஆயின. சுண்டெலி வேலைக்கு மட்டம் போட நடிப்பதில்லை அல்லவா? எனினும் திருகு ஏன் கூடுகிறது என்பதற்கு முழு விடை இன்னும் எட்டவில்லை. பரம்பரை ஓரளவு காரணம் என்பர். விபத்து, நெடுங்கால மனத்துயர், கடுங்காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பின் தொடங்குவதும் உண்டு. நம் நாட்டில் 1963 இல் கல்கத்தாவிலும் 1964 இல் சென்னையிலும் பரவி, பின்னர் நெடுநாள் ஓய்ந்திருந்து, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் மீண்டும் கிளர்ந்த சிக்குன்குனியாக் காய்ச்சலை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் போய்ப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆன பின்னும் வலி நீங்காதவர்கள் பலர். அவர்களுள் ஒரு சிலரிடம் மருத்துவர்கள் கண்டது இந்தத் தசைநார் வலி நோயின் சாயலே.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். உடல் முழுவதும் பரந்த வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது யாவரும் அறிந்த அறிகுறி. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் கழகம் வகுத்த விதி, உடம்பில் 18 புள்ளிகளைக் குறித்து, அவற்றைக் கட்டைவிரலால் அழுத்தும்போது 11 புள்ளிகளிலாவது வலித்தால் இந்நோய் என்றது. புள்ளிகளை எண்ணுவது எளிது. ஆனால் நோயாளியின் இரவைப் பற்றியும் மறதியைப் பற்றியும் அந்த எண்ணிக்கை எதுவும் கேட்கவில்லை. வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய முகம்மது யூனுஸ் எனும் மருத்துவர் 1981 ஆம் ஆண்டிலேயே 50 நோயாளிகளை 50 நலமுள்ளவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, வலியோடு கூடவே உறக்கக் குறை, களைப்பு, தலைவலி, குடல் தொல்லை, கைகால் மரத்தல் முதலியன வருவதை எடுத்துக் காட்டியிருந்தார். அவர் காட்டிய வழி விதியில் இடம்பெற 2010 ஆம் ஆண்டு ஆயிற்று. அவ்வாண்டு வந்த புதிய விதி புள்ளிகளை விடுத்தது. வலிக்கும் இடங்களின் எண்ணிக்கையோடு களைப்பு, தெளிவற்ற விழிப்பு, சிந்தனைத் தடுமாற்றம் ஆகியவற்றையும் கேட்கச் சொன்னது. 2016 இல் அது மேலும் திருத்தப்பட்டது.

அவற்றுள் உறக்கத்தை முதலில் சொல்லுகிறேன். இவர்கள் எட்டு மணி நேரம் படுத்துக் கிடப்பார்கள், உறங்கியும் இருப்பார்கள். ஆயினும் விடியற்காலையில் இரவெல்லாம் நெல் குற்றியவரைப்போல எழுவார்கள். எழுந்தவுடன் உடம்பு கட்டையாக இறுகியிருக்கும். 1975 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் மால்டாப்ஸ்கி என்பவரும் அவர் துணைவர்களும் ஒரு சோதனை செய்தனர். நலமாக இருந்தவர்கள் ஆழ்ந்து உறங்கும் வேளையில், விழிப்பு வராத அளவுக்கு ஒலி எழுப்பி, அவர்களின் ஆழ்துயிலை மட்டும் கலைத்தனர். சில இரவுகளில் அந்த நலமுள்ளவர்களுக்கும் உடல் வலியும் தொட்டால் நோகும் தன்மையும் தோன்றின. உறக்கத்தைக் கெடுப்பது வலி. வலியை வளர்ப்பது உறக்கக் கேடு. 'விடிந்து இவ்வளவு நேரமாகியும் படுத்திருக்கிறாளே' என்று வீட்டார் பேசுவது இந்த அறிகுறியைத்தான். அறிகுறி என்று தெரியாததால் அதைக் குணம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அடுத்தது மறதி. மேனாட்டார் இதை மூளையில் பனிமூட்டம் என்பர். கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டே 'அதை எடு, அந்த... அதை' என்று சொல் கிடைக்காமல் தடுமாறுவதும், இரசத்துக்கு இருமுறை உப்பிடுவதும், ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு என்ன படித்தோம் என்று திகைப்பதும் இதன் வேலை. முதுமையில் வரும் நினைவிழப்பு நோயைப் போன்றதன்று இது. ஒரு நாள் மிகும், மறுநாள் குறையும்.

மூன்றாவது, புலன்களின் கூச்சம். திருகு வலிக்கு மட்டும் கூடுவதில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். நான் சொன்ன அம்மையார் தறிகளின் ஓயாத ஓசைக்கு நடுவே பல ஆண்டுகள் வேலை செய்தவர். அவருக்கே வீட்டில் குக்கரின் சீழ்க்கை ஒலி பொறுக்க முடியாததாயிற்று. சிலருக்கு வெளிச்சம் கூசும். சிலருக்குத் தாளிக்கும் நெடியும் ஊதுவத்தி மணமும் தலைவலி தரும். ஆனி ஆடிக் காற்று பட்டால் ஒருவருக்கு உடல் நடுங்கும். மற்றவர்க்கு வெக்கையைத் தாங்க இயலாது. தொடுகையின் கூச்சம் இன்னும் வியப்பானது. இடுப்பில் இறுக்கிய பாவாடை நாடா, கையில் கிடக்கும் வளையல், மடியில் தாவி ஏறும் பேரக் குழந்தை, இவையெல்லாம் நோவு தருவன ஆகின்றன. பேரனை மடியிலிருந்து இறக்கி விடும் பாட்டியைக் கடுமனம் படைத்தவள் என்று ஊர் பேசும்.

இன்னும் உள்ளவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தலைவலி; தாடை மூட்டில் வலி; வயிற்றுப் பொருமல், மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருதல்; அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருத்தல்; கை கால்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு; இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு; எழுந்து நின்றதும் கிறுகிறுப்பு; கண்ணும் வாயும் உலர்தல்; மாதவிலக்கின்போது மிகுந்த வலி; கை வீங்கியிருப்பதாகத் தோன்றும், ஆனால் பார்த்தால் வீக்கம் இராது. இவை அனைத்தும் ஒருவருக்கே வருவதில்லை. பலவற்றுள் சில சேர்ந்து வரும். தாடை வலிக்குப் பல் மருத்துவர், வயிற்றுக்கு ஒருவர், தலைவலிக்கு ஒருவர் என்று நோயாளி தனித்தனியே அலைகிறார். ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைப் பார்த்து மருந்து தருகிறார்கள். அத்தனையும் ஒரே கொடியின் காய்கள் என்று சொல்ல எவரும் வாய்ப்பதில்லை. மஞ்சள் பை நிறைந்துபோகும் விதம் இதுதான். மனச்சோர்வும் இவர்களுட் பலருக்கு உண்டு. அதைக் கண்டு, எல்லாம் மனத்தில்தான் என்று தீர்ப்புச் சொல்வது எனக்கு உடன்பாடன்று. ஆண்டுக் கணக்கில் வலித்து, அதை ஒருவரும் நம்பாமலும் போனால் எவர் மனந்தான் சோராது?

பெண்களிடமே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் ஆண்களுக்கு வாராது என்று எண்ணுவது பிழை. புள்ளிகளை அழுத்திப் பார்த்த பழைய விதியில் ஆண்கள் பலர் விடுபட்டனர். புதிய விதியில் அவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

உங்கள் வயதினருக்கும் இது வரும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதே யூனுஸும் மாசி என்பவரும் 1985 ஆம் ஆண்டில் இளம் வயதினர் 33 பேரிடம் இந்நோயை ஆராய்ந்து எழுதினர். ஆசிரியப் பயிற்சியின்போது, கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்க்கும்படி எங்களுக்குக் கற்பித்தார்கள். அது நல்ல பாடம். இன்று பயிற்சி பெறுவோர் அதனோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காலை வணக்கத்தின்போது நிற்க மாட்டாமல் தூணில் சாயும் மாணவி, நேற்று ஒப்பித்த பாடத்தை இன்று மறந்து விழிப்பவள், விளையாட்டு வகுப்பு என்றால் ஒதுங்குபவள், மாதத்தில் பல நாள் தலைவலி, வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்பவள் ஆகிய நால்வரையும் நான் பார்த்திருக்கிறேன். சில வேளைகளில் நால்வரும் ஒருத்தியாகவே இருப்பாள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, வலி உள்ளவர் எல்லோருக்கும் இந்நோயே என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டுச் சுரப்பி குன்றினாலும் உடல் வலியும் களைப்பும் மறதியும் வரும். இரத்தச்சோகையிலும் வைட்டமின் டி குறைவிலும் அப்படியே. முடக்குவாதத்தின் தொடக்கமும் இதனை ஒத்திருக்கக் கூடும். இவை இரத்தச் சோதனையில் தெரிவன. தக்க மருந்துக்கு வசமாவன. ஆகவே சோதனைகள் வீண் அல்ல. மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கிச் சிவந்தாலும், காய்ச்சல் விடாதிருந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், ஒரு கையோ காலோ வலுவிழந்தாலும், அது வேறு நோய். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் சித்த மருத்துவ முன்னோர் வாத நோய்களை எண்பது என்று வகுத்தனர். ஓரிடத்தில் நில்லாத வலியை அவர்களும் கண்டிருப்பர். அவற்றுள் இன்னது இந்நோய் என்று ஒப்பிட்டுக் கூற நான் துணிய மாட்டேன்.

மருந்துக் கடையில் 'உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அந்தப் பொட்டலத்தில் என்னென்ன இருக்கின்றன என்று வாங்குபவருக்குத் தெரியாது. வலிநிவாரணி மாத்திரைகள் அழற்சியைத் தணிப்பவை. அழற்சியே இல்லாத இந்நோயில் அவற்றால் பெரும்பயன் இல்லை. நாள்தோறும் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசியும் இந்நோய்க்குரிய மருந்தன்று. நரம்புச் செய்தியின் திருகைத் தணிக்கும் மருந்துகள் சில உள்ளன. பிரிகாபாலின் 2007 ஆம் ஆண்டிலும், டுலாக்செட்டின் 2008 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்றன. அவை எல்லோருக்கும் பயன் தருவதில்லை. மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அவற்றைத் தொடவும் கூடாது.

மருந்தைவிட நன்மை செய்வது நடை என்றால் வியப்பீர்கள். ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் கழகம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளில், வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. எங்கள் ஊரில் ஆடித் தவசுக் காலத்தில் கோயிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவதாக நேர்ந்துகொண்டு நடப்பவர்கள் பலர். இந்நோய் உள்ளவர் அதை ஒரே நாளில் முடித்துவிட முயன்றால் அடுத்த பத்து நாளும் பாயில் கிடப்பார். உடம்பு சற்றே தெளிந்த நாளில் விட்டுப்போன வேலையெல்லாவற்றையும் செய்து தீர்ப்பதும், மறுநாள் விழுந்து கிடப்பதும் இவர்களிடம் காணும் வழக்கம். முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஏழு நிமிடம் என்று ஏறுவதே முறை. அந்த அம்மையார் தம் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை நடந்து தொடங்கினார். இப்போது தெப்பக்குளம் வரை போய் வருகிறார். வலி முற்றும் போகவில்லை. ஆனால் இரவில் உறங்குகிறார்.

உங்கள் தாய்க்கோ, அத்தைக்கோ, வகுப்புத் தோழிக்கோ நான் சொன்னவற்றுள் சில இருப்பதாகத் தோன்றினால், நீங்கள் செய்யக் கூடிய ஒரு வேலை உண்டு. மருத்துவரிடம் சொல்லக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தப் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இரண்டு வாரம் நாள்தோறும் எழுதுங்கள். இரவு எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை முறை விழித்தார், எழும்போது தெளிவாக இருந்தாரா. உடம்பில் எந்தெந்த இடங்கள் வலித்தன. தலைவலி, வயிறு, மரத்தல், மறதி இவற்றுள் அன்று எவை இருந்தன. என்ன வேலை செய்த மறுநாள் வலி கூடிற்று. என்னென்ன மாத்திரை உண்டார். வலிக்கும் இடங்களைக் காட்ட, ஒரு பக்கத்தில் ஆள் உருவம் ஒன்று வரைந்து பென்சிலால் நிழலிடுங்கள். அந்த நோட்டையும் பழைய சோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதலில் தைராய்டு, இரத்தச்சோகை முதலியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை இல்லை என்று தெரிந்த பின்னும் வலி மூன்று மாதம் கடந்திருக்குமானால், மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்புமாறு கேளுங்கள். 2022 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நாட்பட்ட வலி தனி ஒரு நோயாகவே இடம் பெற்றிருக்கிறது. தசைநார் வலி நோயின் பெயர் அதில் இருக்கிறது.